சிவப்புச் சீலைப் பிளேனும் என்ரை வாயும்

தம்பி, இதை நீயே எழுத்துக்கூட்டி வாசி. ரெலிபோனைக் காட்டிப் பிரெஞ்சாக்கிப் போடாதை, அது நான் சொன்னதை விட்டுட்டுத் தன்ரை கதையைச் சொல்லும். நான் கனக்கப் படிக்கேல்லை எண்டு உனக்குத் தெரியும், கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும். முதலிலை சொல்லவேண்டியதைச் சொல்லிப்போடுறன், பிறகு என்ரை வழக்கப்படி சுத்தி வளைச்சு வாறன். வாற கிழமை அந்த வெள்ளி நிறப் பிளேனை எடுக்கப்போறன் எண்டு அப்பாட்டைச் சொன்னியாமே, அதுக்குக் கையெழுத்துப் போடாதை. பொறு. இதை முடிய வாசிச்சுப்போட்டும் மனம் மாறேல்லை எண்டால் போடு. உனக்குத்தான் எழுதுறன், ஆனால் ஆர் வாசிச்சாலும் எனக்கு வெக்கமில்லை. இஞ்சை பிறந்த பிள்ளையளை வளத்த எங்கடை வீடுகள் எல்லாத்திலையும் நடக்கிற விசயம்தான் இது. மற்ற வீடுகளிலை பிளேன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிளேன் வாங்கப்போறன் எண்டு நீ முதன்முதல் சொன்ன அண்டைக்கு நாங்கள் ஸ்தேனிலை எங்கடை வீட்டுக் குசினியிலை புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தம். அப்பா வாயிலை வைச்சதை விழுங்காமலே சிரிச்சார். "கார் விடவே கீழை இடமில்லை, பிளேனை எங்கையடா விடப்போறாய்?" எண்டு கேட்டார். நீ பொறுமையாய்ச் சொன்னனீ. பழைய பிளேன், ரெண்டே ரெண்டு பேர்தான் இருக்கலாம், ஒரு நல்ல காரின்ரை விலை, பெற்றோலும் கொஞ்சமாய்த்தான் குடிக்கும், புல்லுத் தரையிலையும் இறக்கலாம் எண்டு. மற்றப் பிளேனுகளுக்கு மூக்குக்குக் கீழை ஒரு சில்லு இருக்குமாம், இதுக்கு முன்னாலை ரெண்டும் வாலிலை சின்னனாய் ஒண்டும் இருக்குமாம். "வாலை நிலத்திலை இழுத்துக்கொண்டே போகும்?" எண்டு நான் கேக்க, நீ "ஓம் அம்மா" எண்டனீ. "அதாலைதான் மலிவு. இறங்கி ஓடேக்கை கொஞ்சம் கவனம் பிசகினால் வால் முன்னுக்கு வரப் பாக்கும். சனத்துக்குப் பயம், வாங்கிற ஆக்கள் குறைவு." "சனத்துக்குப் பயமெண்டால் உனக்கேன் பயமில்லை?" "நான் அதைக் காலாலை பிடிச்சு ஓட்டப் பழகியிட்டன் அம்மா." ஒரு பிள்ளை இப்பிடிச் சொன்னால் வேறை தாய்மார் என்ன சொல்லுவினமோ தெரியாது. நான் என்ன சொன்னனான்? "காலாலை எண்டால் முதல் அந்தச் சப்பாத்தைக் கழுவு" எண்டு சொன்னனான்.

நான் ஏன் இப்பிடி எண்டு விளங்கவேணுமெண்டால் நீ ஒரு சனிக்கிழமை ரூ காய்த் தெருவிலை நான் வேலை செய்யிற சீலைக்கடையிலை வந்து நிண்டு பாக்கவேணும். ஒருத்தி வருவாள். சீலையை விரிச்சவுடனை "ஐயோ அக்கா, என்ன வடிவு, சரியான வடிவு" எண்டுவாள். நான் அந்த நிமிசமே மடிக்கத் துவங்கியிடுவன். அவள் வாங்கமாட்டாள். ஆரையோ பாத்துக்கொண்டு நிண்டவள், வெளியிலை குளிரெண்டு உள்ளுக்கு வந்தவள். இன்னொருத்தி வருவாள், மூஞ்சையைச் சுளிச்சுக்கொண்டு. "என்னக்கா நிறம் இது, வெளுறிப்போய்க் கிடக்கு. கரையும் ஒடுக்கம். ரெண்டு தோய்ச்சலுக்குத் தாங்குமே?" எண்டுவாள். ஆனால் கையை மட்டும் சீலையிலை இருந்து எடுக்கமாட்டாள். எனக்கு உள்ளுக்குள்ளை சந்தோசம். "ஓமடி பிள்ளை, உனக்கு இது சரிவராது, வை" எண்டு நானும் விட்டுக்குடுக்கமாட்டன். பிறகு பாத்தால் அவள்தான் அதைக் கட்டிக்கொண்டு கலியாணவீட்டிலை முன்வரிசையிலை நிப்பாள்.

சீலைக்கு மட்டுமில்லை. அப்பாவின்ரை அம்மா என்னைப் பொம்பிளை பாக்க வந்தவ. வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, "பெட்டை கட்டை, பல்லும் கொஞ்சம் மிதப்பு" எண்டு என்ரை அம்மாவுக்கு முன்னாலையே சொன்னவ. அறைக்குள்ளை ஒளிச்சு நிண்ட எனக்கு அப்பதான் மூச்சு வந்தது. அப்பாடா, இது சரிவந்திட்டுது! ஏனெண்டால் அதுக்கு முதல் வந்த ஆக்கள் "தங்கமான பிள்ளை, லச்சுமி மாதிரி" எண்டு சொல்லி, பலகாரம் எல்லாத்தையும் திண்டுபோட்டுப் போனவை, போனவைதான். அப்பாவும் தாயைப் போலைத்தானே. கறியிலை உப்புக் காணாது எண்டுகொண்டே திரும்பத் திரும்பக் கோப்பையை நீட்டுவார். அவர் ஒண்டும் சொல்லாமல் சாப்பிட்டால்தான் எனக்குக் கவலை.

இந்தப் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் நான் உன்னோடை அந்தச் சிவப்புப் பிளேனைப் பாக்க வந்தனான். மோ எண்ட ஊருக்கும் அங்காலை, பீட்ரூட் வயலுகளுக்கு நடுவிலை. பிளேன் இறங்கிற இடமெண்டால் கண்ணாடிக் கட்டடமும் சோதனை வரிசையும் இருக்கும் எண்டு நினைச்சு நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தன். பாத்தால் வெறும் புல்லு, ஒரு தகரக் கொட்டகை, காத்துக்கு ஆடுற ஒரு துணிப் பை. விற்கிற முசியே தலை நரைச்ச நெட்டையான மனுசன், காற்சட்டையிலை எண்ணெய். கண் பார்வை குறைஞ்சுபோச்சாம், டொக்டர் இனி ஓட்டவேண்டாம் எண்டிட்டாராம், அதாலை விற்கிறாராம். கொட்டகைக் கதவைத் தள்ளினார். உள்ளுக்கை அந்தப் பிளேன் வாலை நிலத்திலை வைச்சு, மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஆரடா வாறது எண்டு பாக்கிற மாதிரி நிண்டுது. கூறைச் சீலையின்ரை சிவப்பு. உண்மையைச் சொல்லுறன் தம்பி, எனக்குக் கண்டவுடனை பிடிச்சுப்போட்டுது.

நீ முன் கதிரையிலையும் அவர் பின் கதிரையிலையும் ஏறிப் போனியள். நான் புல்லிலை ஒரு மடக்குக் கதிரையிலை இருந்து, தெரிஞ்ச எல்லாச் செபத்தையும் சொல்லி முடிச்சு, தெரியாததுக்கும் வாயசைச்சுக்கொண்டிருந்தன். நீ இறக்கினது எனக்குத் தெரியவே இல்லை. புல்லிலை படுற சத்தம் கேக்குமெண்டு பாத்துக்கொண்டிருக்க, மூண்டு சில்லும் ஒண்டாய்த் தொட்டு, ஓடி வந்து நிண்டுது. நீ இறங்கி வரேக்கை உன்ரை முகத்தைப் பாத்தன். முழுப்பல்லும் தெரியுது. எனக்குப் பதைச்சுப்போட்டுது. இவன் இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு நிண்டால் விற்கிற மனுசன் ஒரு சதம் குறைப்பாரே? ஆராவது ஒராள் முகத்தைச் சுளிக்கவேணும் எண்டு நினைச்சு நான் எழும்பினன்.

பிளேன்ரை செட்டைக்குக் கிட்டப் போய்ப் பெருவிரலாலை அமத்திப் பாத்தன். துணி! "முசியே, இது துணியே?" எண்டன். "ஓம் மதாம், துணிதான், பாத்து அமத்துங்கோ" எண்டார். வரிவரியாய் நாடா ஒட்டியிருந்துது. "ஒட்டுப்போட்ட துணியெல்லோ. சாயமும் மங்கிப்போச்சு. இஞ்சை கரை நேராயில்லை. வாலும் விழுந்துபோய்க் கிடக்கு." என்ரை பிரெஞ்சு முழுக்கச் சீலைக்கடைப் பிரெஞ்சு. வீட்டுப் பப்பியே, பேப்பர் அலுவலுக்குப் போனால் எனக்கு வாயே திறக்காது, துணியெண்டால் மூடாது. நீ பின்னாலை நிண்டு "அம்மா, அம்மா" எண்டு கையைப் பிடிச்சு இழுத்தனீ. நான் நினைச்சன், பெடியன் நல்லாய் நடிக்கிறான் எண்டு!

அந்த மனுசன்ரை முகம் பிளேன்ரை நிறத்துக்கு வந்துட்டுது. "மதாம், அந்தத் துணி நான் என்ரை கையாலை போட்டது. இந்தப் பிளேன் உங்களுக்கு வேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டுக் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினார். நான் அப்பவும் வெண்டிட்டன் எண்டுதான் நினைச்சன். மீன் சந்தையிலை அப்பிடித்தானே, நாங்கள் நாலடி தள்ளிப் போனால் பின்னாலை இருந்து கூப்பிடுவினம். நான் காருக்கு மெல்ல மெல்ல நடந்தன். சப்பாத்திலை சேறு பட்ட மாதிரி நிண்டும் பாத்தன். ஒருத்தரும் கூப்பிடேல்லை. காத்துத்தான் அடிச்சுது.

காரிலை வரேக்கை, பெரிய றோட்டுக்கு ஏறினாப்பிறகு, பிரெஞ்சிலை, மெதுவாய்ச் சொன்னனீ. "உங்களுக்கு எதுவுமே பிடிக்காது அம்மா. ஒண்டையும் நல்லதெண்டு சொல்லி நான் கேட்டதில்லை. என்னையும் சேத்துத்தான்." கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பன். நீ மரியாதையாய்ச் சொல்லிப்போட்டு, என்னை வீட்டு வாசலிலை இறக்கி, பையையும் தூக்கித் தந்துட்டுப் போட்டாய். அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு நீ வரேல்லை. அப்பாவோடை ரெலிபோனிலை கதைச்சு, வெள்ளிப் பிளேனை எடுக்கப்போறன் எண்டியாம். "மனமில்லாமல் சொன்ன மாதிரிக் கிடந்துது" எண்டார் அப்பா. பிறகு என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "கறியிலை உப்புக் காணாது" எண்டார். அண்டைக்கு உண்மையாவே காணாதுதான்.

சிவப்புக்கு முதல் அந்த வெள்ளிப் பிளேனைப் பாத்திட்டு வந்த அண்டைக்கு நீயே என்ன சொன்னனீ? பக்கத்துப் பக்கத்திலை இருக்கலாம், கார் மாதிரிக் கதவு, மினுக்கமான தகரம், ஆனால் அடித் தட்டைக் கழட்டிப் பாத்தால் தகரத்திலை துரு மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கு, இஞ்சினும் இறக்கிப் பிரிச்சுச் செய்யிற காலத்துக்குக் கிட்ட வந்துட்டுது எண்டனீ. வெளியிலை மழைக்கை நிண்ட சாமானாம். "மலிவாய் வாங்கிப் பிறகு அழவேண்டியதுதான்" எண்டு சொன்ன வாயாலை இப்ப அதை எடுக்கிறன் எண்டு சொல்லுறாய். அதுக்குக் காரணம் என்ரை வாய். அதாலைதான் எனக்கு லீவு கிடைச்ச நாள், கார் து லெஸ்ற் ஸ்ரேசனிலை ரெயின் ஏறி, பிறகு பஸ் பிடிச்சு, பீட்ரூட் வயல் கரையாலை நடந்து அந்தக் கொட்டகைக்குப் போனனான். அப்பாவுக்கும் சொல்லேல்லை. கையிலை ஒரு பெட்டி ஆட்டிறைச்சி ரோல்ஸ். வெறுங்கையோடை எப்பிடிப் போறது?

முசியே மேசையிலை ஒரு பிளேன்ரை வால் துண்டை வைச்சு, புதுத் துணி போத்தி, அயன் பெட்டியாலை தேய்ச்சுக்கொண்டு நிண்டார். சூட்டுக்குத் துணி சுருங்கி மேளத்துத் தோல் மாதிரி இறுகுமாம். அயன் பெட்டியோடை ஒரு ஆம்பிளையைக் கண்டவுடனை எனக்கு அரைவாசிப் பயம் போட்டுது.

"திரும்ப வந்துட்டியளே மதாம்? அண்டைக்கு ஏதும் குறை சொல்ல விட்டுப்போச்சோ?" எண்டார்.

"முசியே, எனக்கு அந்தப் பிளேன் பிடிச்சபடியாலைதான் நான் அப்பிடியெல்லாம் சொன்னனான்."

அயன் பெட்டியை நிமித்தி வைச்சார். "எனக்கு விளங்கேல்லை."

நான் எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு எல்லாத்தையும் கூட்டி அள்ளிச் சொன்னன். எங்கடை ஆக்கள் வேண்டாத சாமானை வடிவெண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம் முசியே, ஆசைப்பட்டதைத்தான் குறை சொல்லுவினம், புகழ்ந்தால் விலையும் ஏறும், கண்ணூறும் படும் எண்டன். கண்ணூறுக்குப் பிரெஞ்சு தெரியாமல், கண்ணைப் பெரிசாய் முழிச்சுக் காட்டினன். மனுசன் ஒரு அடி பின்னாலை போனார். பிறகு கேட்டார், "அப்ப ஒட்டுப்போட்ட துணி எண்டது?"

"வடிவான துணி."

"சாயம் மங்கினது?"

"கலியாணச் சீலையின்ரை சிவப்பு."

"வால் விழுந்து கிடக்கிறது?"

"அது எனக்கு உண்மையாத்தான் விளங்கேல்லை முசியே."

சிரிச்சார் பார், கொட்டகைத் தகரம் அதிர்ந்துது. ரோல்ஸ் பெட்டியைத் திறந்து ஒண்டைக் கடிச்சார். உறைப்பிலை கண் கலங்கியும் வைக்கேல்லை. "சரி, உங்கடை மகனைப் பற்றி ஆரும் கேட்டால் என்ன சொல்லுவியள்?" எண்டார். ஐயோ தம்பி, எனக்கு அதுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கேல்லை. நேரத்துக்குச் சாப்பிடான், தலைமயிர் வெட்டான், சட்டையை மடிக்கத் தெரியாது, கூப்பிட்டால் ரெலிபோன் எடுக்கான், கலியாணக் கதை எடுத்தால் எழும்பிப் போயிடுவான், இருக்கிற காசையெல்லாம் ஆகாயத்திலை விடுறான்... நான் சொல்லிக்கொண்டே போறன், மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார். பிறகு சிரிப்பை நிப்பாட்டிக் கேட்டார். "இதையெல்லாம் கேட்டே அவன் வளந்தவன்?" ஓம் எண்டன். "அவனுக்கு இந்தப் பாசை விளங்குமோ மதாம்?" "தமிழ் நல்லாய்க் கதைப்பான் முசியே" எண்டன். "நான் தமிழைக் கேக்கேல்லை" எண்டார்.

எனக்கு உன்ரை பெர்மி, அந்த லைசென்ஸ், ஞாபகம் வந்துட்டுது. பிளேன் ஓட்டுற பெர்மி கிடைச்ச அண்டைக்கு நீ அதைக் கொண்டுவந்து குசினி மேசையிலை வைச்சனீ. நான் கையைத் துடைச்சு எடுத்துப் பாத்துட்டு, "என்னடா போட்டோவிலை கள்ளன் மாதிரி நிக்கிறாய்" எண்டன். நீ எடுத்துப் பொக்கற்றுக்கை வைச்சனீ. அதுக்குப் பிறகு நான் என்ன செய்தனான் எண்டு உனக்குத் தெரியாது. அந்தக் கிழமை கடைக்கு வந்த ஒவ்வொருத்தியையும் பிடிச்சு வைச்சு, "என்ரை பெடியன் பிளேன் ஓட்டுறானாமடி, என்ன விசர் வேலை பாத்தியே, தாய்க்கு நெஞ்சு பதைக்கும் எண்டு யோசிச்சானே" எண்டு குறை சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். ரூ பிலிப்-து-ஜிராரிலை மரக்கறிக் கடை வரைக்கும் போய்ச் சொன்னனான், மரக்கறி வாங்கவே இல்லை. அவளவைக்கு விளங்கினது. "குடுத்துவைச்சனீ அக்கா" எண்டாளவை. வீட்டிலை இருந்த உனக்குத்தான் விளங்கேல்லை. உன்னிலை பிழையில்லை. நீ பள்ளிக்கூடத்திலை நல்லதை நல்லதெண்டு சொல்லுற ஆக்களோடை வளந்த பிள்ளை. நான் அதை யோசிச்சிருக்கவேணும்.

முசியே என்னை அந்தப் பிளேன்ரை பின் கதிரையிலை ஏத்தி இருத்தினார். ஏறின கதையைச் சொல்லமாட்டன். ஒரு கால் உள்ளுக்கை, ஒரு கால் வெளியிலை, நடுவிலை நான் மாதாவைக் கூப்பிட்டது அயல் வயலுக்கும் கேட்டிருக்கும். ஆனால் இருந்தாப்பிறகு சுகம். வால் கீழை நிக்கிறதாலை முன்னாலை நிலமே தெரியாது, முன் கதிரையும் ஆகாயமும்தான். "நிலத்திலை ஓட்டேக்கை உங்கடை மகனுக்கும் முன்னாலை தெரியாது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைச்சு வளைச்சுப் பாத்துத்தான் போகவேணும்" எண்டார். அண்டைக்கு நீ ஓட்டி முடிச்சுட்டு, குனிஞ்சு, வயித்துப் பக்கத்திலை ஒட்டின சேறை உன்ரை லேஞ்சியாலை துடைச்சனியாம். அதைப் பாத்தவுடனை இவனுக்குத்தான் எண்டு மனதிலை நினைச்சவராம். பிறகு நான் வந்து வாயைத் திறந்தனான். உன்ரை ரெலிபோன் வரும் எண்டு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தாராம். வராததாலை தாய் சொன்னதுதான் மகன்ரை எண்ணமும் எண்டு நினைச்சாராம்.

தம்பி, அவர் உனக்குத் தரச் சம்மதம். விலை அதே விலைதான். நான் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை, நாக்கைக் கடிச்சுக்கொண்டு இருந்தன், இன்னும் நோகுது. அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லுறன். பிளேனை அவற்ரை சொல்லை நம்பி வாங்கவேண்டாமாம், நீ நம்புற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து, இஞ்சினையும் சட்டத்தையும் துணியையும் பாத்துத்தான் முடிவெடுக்கவேணுமாம். வாங்கினால் வெயில் மழைக்கை விடாமல் கொட்டகைக்குள்ளையே வைக்கவேணுமாம், இடம் அவற்ரை கொட்டகையிலையே இருக்காம். குறுக்குக் காத்து அடிக்கிற நாளிலை வீட்டிலை இருந்து தாயின்ரை சாப்பாட்டைச் சாப்பிடட்டாம். அது அவர் சொன்னதுதான், நான் சேத்ததில்லை.

இனி நான் ஒருக்கால் இஞ்சத்தை ஆக்கள் மாதிரிச் சொல்லிப் பாக்கிறன். நீ வடிவாய்ப் பிளேன் ஓட்டுறாய். நான் புல்லிலை இருந்து பாத்தனான். உன்னைப் பெத்தது எனக்குப் பெருமை. போட்டோவும் நல்லாய்த்தான் இருந்துது. எழுதேக்கை கை கூசுது, கண்ணூறு பட்டிடுமோ எண்டு உப்பும் மிளகாயும் எடுத்து வைச்சிட்டுத்தான் எழுதுறன். அடிக்கடி கேளாதை, எனக்கு இது பழக்கமில்லை.

சனிக்கிழமை பின்னேரம் முசியே பாத்துக்கொண்டிருப்பார். வந்து என்னையும் ஏத்திக்கொண்டு போ, அப்பா தானும் வாறன் எண்டு நிக்கிறார். மெக்கானிக் சரியெண்டால் பின் கதிரையிலை முதல் ஆள் நான். பிளேனைப் பற்றி வாயே திறக்கமாட்டன், சத்தியமாய். உன்னைப் பற்றி மட்டும் ரெண்டு குறை சொல்லுவன். அந்த மனுசனுக்கு இப்ப விளங்கும். உனக்கும் விளங்கும்.

உன்ரை அம்மா